ஊற்றுவதா, தெளிப்பதா, சும்மா விடுவதா? சிறு பட்டறைக்குக் கூலண்ட் தேர்வு

அக்காள் மகன் கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோ பக்கம் வாடகைக்கு இடம் பிடித்துப் பட்டறை போட்டிருக்கிறான். பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று, கணினி ஓட்டும் சி.என்.சி. டர்னிங் இயந்திரம் ஒன்று, கடன் வாங்கி இறக்கிய இரண்டாம் கை வி.எம்.சி. (சுழலும் கட்டரால் சீவித் துளையிடும் கணினி இயந்திரம்) ஒன்று. இயந்திரம் வந்து இறங்கிய மறுநாளே, உலோகம் வெட்டும்போது ஊற்றும் திரவமான கூலண்டைப் பற்றிக் கேட்கத் தொலைபேசியில் கூப்பிட்டான். "மாமா, கூலண்ட் எதை ஊற்றுவது? இயந்திரம் விற்றவர் ஒன்று சொல்கிறார், எண்ணெய் விற்பவர் வேறொன்று சொல்கிறார், பக்கத்துப் பட்டறைக்காரர் ஒன்றுமே ஊற்றாதே, காற்று போதும் என்கிறார்."

மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஓட்டிய வேலைக்கு அவரவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். நான் இதே ஊரில் கணபதி பகுதியில் முப்பது ஆண்டு பட்டறை நடத்தியவன். இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்பவரிடம் எனக்குச் சந்தேகம் வரும். அதனால் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: "நீ என்ன வேலை எடுக்கப் போகிறாய்?"

பம்புசெட் பாடி, வார்ப்பிரும்பு. நீர்மூழ்கி மோட்டாருக்கான 410 ரக ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட். கொஞ்சம் 304 ரக ஸ்டெயின்லெஸ். இ.என். 8 எஃகில் புஷ், பின். அவ்வப்போது அலுமினிய மூடிகள். கோயம்புத்தூரில் புதிதாகப் பட்டறை போடுபவரின் ஆர்டர் புத்தகம் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கூலண்ட் என்ற பெயரே பாதி ஏமாற்று. குளிர்விப்பது அதன் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். உளிக்கும் உலோகத்துக்கும் நடுவே வழுக்கல் கொடுக்க வேண்டும். வெட்டி எடுத்த சுருளை அடித்துக்கொண்டு போக வேண்டும். முடிந்த ஜாப் (வெட்டிச் செய்யும் பாகம்) துருப்பிடிக்காமல் காக்க வேண்டும். இந்த நான்கையும் ஒரே அளவில் செய்யும் திரவம் கிடையாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

தண்ணீரையும் எண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் வேண்டும். கனிம எண்ணெய்க்கு அதில் பாதிதான், ஏறத்தாழ 2. வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீர் எண்ணெயைவிட நான்கு மடங்கு கெட்டி. ஆக, சூட்டை இழுப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தண்ணீருக்கு வழுக்கல் இல்லை, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் வழுக்கும், துருவைத் தடுக்கும், சூட்டைச் சரியாக இழுக்காது. கடையில் விற்கும் அத்தனை டின்களும் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் நிற்பவைதான்.

எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வேகம். சி.என்.சி.யில் கார்பைடு இன்சர்ட் (உளி நுனியில் பொருத்தும் கடினமான வெட்டு வில்லை) நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் எஃகைச் சீவும்போது, சுருள் உளியின் முகத்தின்மேல் அசுர அழுத்தத்தில் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. அந்த இடுக்கில் எந்தத் திரவமும் நுழையாது. நல்ல வேளையாக, அந்த வேகத்தில் சூட்டின் பெரும்பகுதி சுருளோடேயே வெளியேறிவிடுகிறது. எஃகுச் சுருள் நீலம் பாரித்து விழுவது அதனால்தான். அங்கே திரவத்தின் வேலை ஜாப்பையும் உளியையும் குளிர்விப்பதும் சுருளைத் தள்ளுவதும் மட்டுமே. துளைக்குள் மரை வெட்டும் டேப்பை அடிக்கும்போது கதை தலைகீழ். வேகம் மிகக் குறைவு, சூடு பெரிதில்லை, உரசல்தான் எமன். அங்கே தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டினாலும் டேப் உடையும். நான்கு சொட்டு தரமான கட்டிங் ஆயில் போதும், உடையாது. வேகமான வெட்டுக்குத் தண்ணீர்ப் பக்கம், மெதுவான, இறுக்கமான வெட்டுக்கு எண்ணெய்ப் பக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் விவரம்தான்.

தண்ணீரை ஊற்றினால் வேகத்தைக் கூட்டலாம் என்பதை அளந்து காட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர். மிட்வேல் எஃகு ஆலையில் 1880-களில் சோதித்தார். சுருள் பிரியும் இடத்தின்மேல் தாராளமாகத் தண்ணீரைப் பாய்ச்சினால் வெட்டு வேகத்தை 30 முதல் 40% வரை கூட்டலாம் என்று கண்டார். துருப்பிடிக்காமல் இருக்க அந்தத் தண்ணீரில் சோடா உப்பைக் கலந்தார்கள். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை! இந்த விவரங்களை அவர் 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வாசித்த நீண்ட உரையில் சொன்னார். தங்கள் ஆலையில் எல்லோர் கண்ணெதிரிலும் நடந்ததை மற்றப் பட்டறைகள் ஆண்டுக்கணக்கில் காப்பியடிக்கவே இல்லை என்றும் அதில் அங்கலாய்த்திருக்கிறார். பட்டறைக்காரர்களின் பிடிவாதம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அதே டெய்லர் கொடுத்த ஆயுள் சூத்திரத்தைக் கார்பைடுக்குப் போட்டுப் பார்த்தால், வேகத்தை 10% கூட்டினால் உளியின் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். கூலண்ட் கொடுக்கும் லாபத்தை வேகமாக எடுத்துக்கொள்வதா, இன்சர்ட் ஆயுளாக எடுத்துக்கொள்வதா என்பது உங்கள் கணக்கு. இரண்டையும் முழுதாக எடுக்க முடியாது.

பால் கலவைகள்

பெரும்பாலான பட்டறைகளில் ஓடுவது சொல்யூபிள் ஆயில். டின்னில் பாதிக்கு மேல் கனிம எண்ணெய், மீதி அதைத் தண்ணீரில் கரைய வைக்கும் சோப்பு வகையறா. தண்ணீரில் கலந்தால் பால் போல வெளுக்கும். விலை குறைவு, வழுக்கலும் துருக்காப்பும் கூடுதல், அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். சாதாரண லேத் வேலைக்கு 5% போதும். ஸ்டெயின்லெஸ், ஆழமான டிரில் என்றால் 8 முதல் 10%. குறை என்னவென்றால் சீக்கிரம் கெட்டுப்போகும். எண்ணெய் அதிகம் இருப்பதால் பாக்டீரியாவுக்கு விருந்து.

அதற்கு அடுத்த படி செமி சிந்தெடிக். எண்ணெய் குறைவு, துளிகள் மிக நுண்ணியவை. அதனால் கலவை பால்போல் இல்லாமல் கொஞ்சம் கண்ணாடித் தன்மையோடு இருக்கும். ஜாப் கண்ணுக்குத் தெரியும். குளிர்விப்பது கூடுதல், தொட்டியில் நீண்ட நாள் தாங்கும், இயந்திரத்தின் நகரும் தடமான சிலைடிலிருந்து வழியும் எண்ணெயை மேலே ஒதுக்கித் தள்ளும். லிட்டர் விலை அதிகம்தான். ஆனால் ஆண்டுக்கு எத்தனை முறை தொட்டியைக் கழுவிக் கொட்டுகிறீர்கள் என்று கணக்குப் பார்த்தால் அந்த விலை வேறு மாதிரித் தெரியும்.

முழு சிந்தெடிக்கில் கனிம எண்ணெயே கிடையாது. கிரைண்டிங்குக்கு அருமை. பல பொருள்கள் வந்துபோகும் பட்டறையில் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. சில வகைகள் பெயின்ட்டை உரிக்கும், சிலைடுகளைக் காய வைக்கும், காய்ந்த இடத்தில் பிசுபிசுவென்று படியும்.

எது வாங்கினாலும் கெடுவது டின்னில் இல்லை, தொட்டியில்தான். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கூலண்ட் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றிய புகார் என்பது என் அனுபவம். டின்னை மாற்றுகிறார்கள், கம்பெனியை மாற்றுகிறார்கள், போர்வெல் தண்ணீரை மட்டும் மாற்றுவதில்லை. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் கலவையில் இருக்கும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகும். பைப் அடைக்கும், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் 500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 500 பங்கு) கடினத் தண்ணீர் ஊற்றித் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். தினமும் 10 லிட்டர் ஆவியாகி, அதே தண்ணீரை ஊற்றி நிரப்பினால், 25 வேலை நாளில் 250 லிட்டர் தண்ணீரின் உப்பு கூடுதலாகச் சேர்ந்துவிடும். கணக்குப்படி கடினத்தன்மை 1,100-ஐத் தாண்டும். முதல் மாதம் நன்றாக ஓடிய அதே எண்ணெய் இரண்டாம் மாதம் திரிவது இப்படித்தான். சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மற்றவர்கள் நிரப்புவதற்காவது ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும். முதல் தடவையே முழுக்க ஆர்.ஓ. தண்ணீரில் கலக்காதீர்கள். மிக மென்மையான தண்ணீரில் நுரை பொங்கும். 100 முதல் 200 பி.பி.எம். இருந்தால் நுரையும் அடங்கும், கசடும் வராது.

கலக்கும் முறையும் முக்கியம். முதலில் தண்ணீர், அதில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். தொழில் தொடங்கிய புதிதில் நான் இதை மாற்றிச் செய்தேன். தொட்டியில் எண்ணெயை ஊற்றிவிட்டு அதன்மேல் ஹோசைத் திறந்துவிட்டேன். திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக வந்தது. ஒரு நாள் கூலியும் ஒரு டின் எண்ணெயும் சாக்கடைக்குப் போயின. அப்போது சாக்கடைதான் வழி என்று நினைத்திருந்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு குழல் கருவி வாங்குங்கள். ஒரு பெட்டி இன்சர்ட் விலைகூட ஆகாது. ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு பெருக்கெண் உண்டு, டின்னோடு வரும் தாளில் இருக்கும். பெருக்கெண் 1.8, கருவி காட்டுவது 3 என்றால் உண்மை அளவு 5.4%. இது தெரியாமல் செமி சிந்தெடிக் தொட்டியில் 8 காட்டும் வரை எண்ணெயை ஊற்றிக்கொண்டே போன ஒருவரை எனக்குத் தெரியும். 14% வந்துவிட்டது. ஆட்களுக்குக் கை வெடித்தது, எண்ணெய்ச் செலவு இரட்டித்தது, குற்றம் முழுவதும் எண்ணெய்க் கம்பெனிமேல் விழுந்தது.

குறைந்தால் என்ன ஆகும் என்பதை நானே பட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் ஒருமுறை ஆட்கள் வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தொட்டியை 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முந்நூறு இ.என். 8 ஷாஃப்ட். சனிக்கிழமை பெட்டியில் அடுக்கினோம். திங்கட்கிழமை திறந்தால் ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் ரேகை, துருவில் அச்சடித்தது போல.

திங்கட்கிழமை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஞாயிறு விடுமுறை முடிந்து கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், தொட்டியின் மேலே எண்ணெய்ப் படலம் மூடி, காற்று உள்ளே போகாமல், ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்கள் உள்ளே பெருகிவிட்டன என்று பொருள். அவை விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த வாடை. பினாயிலைக் கொட்டுவது மருந்தாகாது. மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட்டு, விடுமுறை நாளில் மீன் தொட்டிக்குப் போடும் சிறிய காற்று மோட்டாரை உள்ளே ஓடவிட்டால் போதும். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாள் ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். 8.5 முதல் 9.2 வரை இருந்தால் நல்லது. 8.5-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது. 9.5-ஐத் தாண்டினால் அலுமினியம் கறுக்கும், கைத்தோல் வறளும்.

வெறும் எண்ணெய்

தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயிலுக்கு என்றைக்கும் இடம் உண்டு. கியர் ஹாபிங், புரோச்சிங், கன் டிரில்லிங், ஆட்டோ லேத் என்று அதன் பேட்டை தனி. கந்தகம், பாஸ்பரஸ் போன்றவை சேர்ந்த எண்ணெய்கள், வெட்டு முனையின் சூட்டில் உலோகத்தோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய வழுக்குப் படலத்தை உண்டாக்குகின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மரை வெட்டுபவர்களுக்கு அது வரப்பிரசாதம். பித்தளை, தாமிரம் ஓட்டினால் அதே கந்தகம் ஜாப்பைக் கறுப்பாக்கிவிடும். குளோரின் சேர்ந்த பழைய எண்ணெய்கள் வெட்டுக்குப் பிரமாதமாக இருந்தன. ஆனால் குறுஞ்சங்கிலிக் குளோரினேற்றப் பாரஃபின்கள் 2017-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்க வேண்டிய பொருள்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அக்காள் மகன் பட்டறைக்கு வெறும் எண்ணெய்த் தொட்டி தேவையில்லை. வேகமான சி.என்.சி.யில் அது புகையும், தீப்பற்றும் அபாயமும் உண்டு. ஒரு சிறிய டப்பாவும் பிரஷ்ஷும் போதும், டேப் அடிக்க.

டேப் என்றதும் தேங்காய் எண்ணெயைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக டேப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். படித்து வந்த பொறியாளர்கள் சிரிப்பார்கள். வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கார்பைடு உளியால் திருப்பி, தேங்காய் எண்ணெய், பால் கலவை, வெறும் கட்டிங் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2009-இல் கட்டுரை வெளியிட்டார்கள். உளித் தேய்மானத்திலும் மேற்பரப்பு வழவழப்பிலும் தேங்காய் எண்ணெயே முந்தியது. காரணம் மர்மம் இல்லை. கொழுப்பு அமிலங்களின் ஒரு முனை உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கனிம எண்ணெய்க்கு அந்தப் பிடி இல்லை. அதற்காகத் தொட்டி நிறையத் தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொல்லவில்லை. விலை ஒரு பக்கம் இருக்க, நாளடைவில் சிக்கு வாடை வரும். பிரஷ் வேலைக்குப் போதும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வெட்டு நன்றாகத்தான் வரும், ஆனால் அது 40 டிகிரிக்கு உள்ளேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும் சரக்கு.

தெளிப்பு முறை

பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்ன "காற்று" இதுவாக இருக்கலாம். எம்.க்யூ.எல். என்பார்கள். அழுத்தக் காற்றோடு மிகக் கொஞ்சம் எண்ணெயைச் சேர்த்து வெட்டு முனையில் தெளிப்பது. மணிக்கு 50 மில்லி லிட்டரே அதிகம். மணிக்கு 30 மில்லி என்று வைத்தால், எட்டு மணி நேர ஷிப்டுக்குக் கால் லிட்டர், மாதத்துக்கு ஆறு லிட்டர். தொட்டி இல்லை, நாற்றம் இல்லை, பி.எச். தாள் இல்லை, கழிவு இல்லை. சுருள் காய்ந்து விழும், பழைய இரும்புக்காரர் முகம் சுளிக்காமல் எடுப்பார். தெளிப்பது பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து செய்த எஸ்டர்.

கேட்டவுடன் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஜெர்மனியில் 1990-களில் கார்த் தொழிற்சாலைக் கணக்குகளைப் பார்த்தவர்கள், உற்பத்திச் செலவில் உளிகளுக்கு 2 முதல் 4% போனால் கூலண்டுக்கு 7 முதல் 17% போகிறது என்று எழுதினார்கள். எம்.க்யூ.எல். விற்பவர்கள் எல்லோரும் இந்த எண்ணைக் கையில் வைத்திருப்பார்கள். ஆனால் அது பெரிய மையத் தொட்டியும், வடிகட்டும் ஆலையும், மைல் கணக்கில் பைப்பும் உள்ள தொழிற்சாலைகளின் கணக்கு. 200 லிட்டர் தொட்டிக்காரருக்கு அது பொருந்தாது. கம்பிரசர் நாள் முழுக்க ஓடும் மின்கட்டணத்தையும் எம்.க்யூ.எல். பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும்.

அது சூட்டை இழுக்காது, சூடு பிறக்காமல் குறைக்கப் பார்க்கும். அதனால் அலுமினியம் மில்லிங், சாதாரண எஃகு டிரில்லிங், ரம்பம் போன்றவற்றில் ஜொலிக்கும். ஆழமான துளைக்குள் சுருளைக் கழுவித் தள்ள அதற்குத் திராணி இல்லை. ஸ்டெயின்லெஸ்ஸில் திணறும். 304-இன் வெப்பக் கடத்தல் திறன் சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் சூடு போக இடமில்லாமல் முனையிலேயே குவிகிறது. அங்கே தாராளமாகப் பாயும் கலவையே வேண்டும். ஒரே அலுமினிய ஜாப்பை ஆண்டு முழுக்க ஓட்டுபவருக்கு எம்.க்யூ.எல். சரி. இவன் நிலைமை அதுவல்ல.

மூடுபனி மாதிரி எண்ணெய் காற்றில் மிதப்பதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1998-இல் பரிந்துரைத்த வரம்பு, மூச்சோடு மார்புக்குள் இறங்கும் துகள் கன மீட்டருக்கு 0.4 மில்லிகிராம். இது தெளிப்புக்கு மட்டும் உரிய எச்சரிக்கை அல்ல. ஜாப்பைப் பிடித்து வேகமாகச் சுழலும் சக்கில் பால் கலவை பட்டாலும் மூடுபனிதான். கதவை மூடி ஓட்டுங்கள், வெட்டு முடிந்தவுடன் திறந்து முகத்தை நீட்டாதீர்கள்.

சும்மா விடுவது

இந்த வழியை நம்மில் பலர் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. சாம்பல் வார்ப்பிரும்பில் கிராஃபைட் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதுவே வழுக்கும். சுருள் வராது, பொடிதான் உதிரும். அதில் கூலண்ட் ஊற்றினால் பொடியும் தண்ணீரும் சேர்ந்து களிமண் சாந்து போலாகி சிலைடில் அப்பும், தொட்டியில் அடியில் உறையும், பம்பைத் தின்னும். அவன் எடுத்த பம்ப் பாடி வேலைக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னதே சரி. தூசிக்கு மட்டும் வழி செய்ய வேண்டும். காற்றால் ஊதாதே, அது சிலைடுக்குள்ளும் உன் நுரையீரலுக்குள்ளும்தான் போகும், உறிஞ்சும் வாக்குவம் வாங்கு என்றேன். எஸ்.ஜி. அயர்ன் (கிராஃபைட் உருண்டையாக இருக்கும் வார்ப்பிரும்பு) வந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அதில் ஆழமாகத் துளையிடுவது, டேப் அடிப்பது இரண்டுக்கும் திரவம் வேண்டும்.

எஃகில் கார்பைடு கட்டரால் ஃபேஸ் மில்லிங் (சுழலும் கட்டரால் மேற்பரப்பைத் தட்டையாகச் சீவுவது) செய்யும்போதும் கூலண்டை மூடிவிடுவது நல்லது. கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். கட்டர் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றினால், ஒவ்வொரு இன்சர்ட்டும் ஆயிரம் தடவை உலோகத்துக்குள் போய்ச் சூடாகி, ஆயிரம் தடவை வெளியே வந்து கூலண்டில் நனைகிறது. கொதிக்கும் கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போல, வெட்டு விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கீறல் விழும், பிறகு துண்டு துண்டாகப் பெயரும். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சுள்ள இன்சர்ட்டுகள் சூட்டுக்கே பிறந்தவை. சூட்டில் அவற்றின் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் உண்டாகி அதுவே காப்பாகிறது. காற்றடித்துச் சுருளை விலக்கினால் போதும். ஹை ஸ்பீடு ஸ்டீல் கட்டருக்கு இந்த நியாயம் பொருந்தாது. அது 600 டிகிரி வாக்கில் பதம் இழந்துவிடும், அதற்குத் தண்ணீர் வேண்டும். டர்னிங்கிலும் விட்டு விட்டுக் கூலண்ட் அடிப்பதுதான் இருப்பதிலேயே மோசம். விட்டால் வெட்டு தொடங்கும் முன்பிருந்தே விட வேண்டும், இல்லாவிட்டால் விடவே கூடாது.

மெக்னீசியக் கலவை உலோகம் யாராவது கொண்டுவந்தால், தண்ணீர்க் கலவையை அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஹைட்ரஜன் உண்டாகும், பற்றினால் தண்ணீரால் அணைக்கவும் முடியாது. அந்த ஆர்டரை வேண்டாமென்று சொல்லிவிடு என்றேன். டைட்டானியத்துக்கு 70 பார் அழுத்தத்தில் உளியின் உள்ளிருந்தே பீய்ச்சும் பம்பு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் என்றெல்லாம் வழிகள் உண்டு. விமானப் பாகம் செய்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆக, முடிவாக அவனுக்கு எழுதிக் கொடுத்தது இது. பழைய லேத் முழுக்க வார்ப்பிரும்புக்கு, உலர்வாக, வாக்குவம் சேர்த்து. சி.என்.சி. டர்னிங்கில் செமி சிந்தெடிக் 8%, 410-உம் 304-உம் அங்கேதான் ஓடும். வி.எம்.சி.யிலும் அதே எண்ணெய், 6% போதும். அலுமினியத்துக்கும் துளைகளுக்கும் திறந்துவிட வேண்டும், எஃகு ஃபேஸ் மில்லிங்குக்கு மூடிவிட்டுக் காற்று. இரண்டு தொட்டிக்கும் ஒரே டின் என்பதால் ஆட்கள் மாற்றி ஊற்றிக் குழப்ப வழியில்லை. டேப்புக்குத் தனி டப்பா. எம்.க்யூ.எல். இப்போது வேண்டாம், அலுமினிய மூடி ஆர்டர் நிலைத்தால் பார்க்கலாம். எண்ணெயை மிச்சம் பிடித்த காசில் ரிஃப்ராக்டோமீட்டர்.

"சொல்யூபிள் ஆயில் பாதி விலைதானே மாமா?" என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். நீயே தினமும் தொட்டியைப் பார்ப்பாய் என்றால் அதையே வாங்கு, பார்க்க ஆளில்லை என்றால் செமி சிந்தெடிக் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு செமி சிந்தெடிக்கே எழுதிக்கொண்டான்.

வேலை இன்னும் தொடங்கவில்லை. இரண்டாம் கை வி.எம்.சி.யின் தொட்டியில் பழைய முதலாளி விட்டுப்போன கறுத்த கலவை பாதி இருந்தது. அதைக் கொட்டிவிட்டு அப்படியே புதியதை ஊற்றினால், பைப்பின் உட்சுவரில் ஒட்டிய பாக்டீரியாப் பாசி ஒரே வாரத்தில் புதியதையும் கெடுக்கும். தொட்டிக் கழுவும் மருந்தைப் பழைய கலவையிலேயே ஊற்றி ஒரு ஷிப்ட் ஓடவிட்டு, பிறகு இறக்கச் சொன்னேன். இறக்கியதைச் சாக்கடையில் விட முடியாது. அபாயக் கழிவுக்கான 2016 விதிகளின்படி மூடிய டிரம்மில் எழுதி ஒட்டி வைத்து, 90 நாளுக்குள் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். நாங்கள் அந்தக் காலத்தில் வாசலில் கொட்டிய பால்தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போனது, எந்த வாய்க்கால் வழியே நொய்யலுக்கு இறங்கியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவன் பட்டறையில் இரண்டு நீல டிரம்கள் மூலையில் நிற்கின்றன. வண்டி வியாழக்கிழமை வருகிறதாம்.